எண்ணூர்ச் சேற்றுக்கு ஒரு கணக்கு

எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்கள் உண்டு. ஆனால் எதுவும் தனியாக உட்கார்ந்து தின்பதில்லை. யார் எதைத் தின்று எதை மிச்சம் வைக்கிறார்கள் என்று கணினியில் போட்டுப் பார்க்கும் வித்தை கிண்டிப் பக்கம் இருக்கிறது. சேறு எண்ணூரில் இருக்கிறது.

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் மழையில் மணலி மூழ்கிக் கிடந்தது. வெள்ளம் வடியும்போது எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வடிந்தது. பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றில் கலந்து, எண்ணூர் முகத்துவாரம் வழியே கடலுக்குப் போனது. போகிற வழியில் காட்டுக்குப்பம், சிவன்படைவீதிக் குப்பம், முகத்துவாரக் குப்பம் என்று எல்லாக் கரையிலும் அப்பிவிட்டுப் போனது. ஃபைபர் படகு, வலை, வீட்டுச் சுவர், கூழைக்கடாவின் இறக்கை எதுவும் தப்பவில்லை. எண்ணெய் பரவிய பரப்பு 20 சதுர கிலோமீட்டர் என்றது கடலோரக் காவல்படை. எங்கள் குழாயில் கசிவே இல்லை என்றது மணலியில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் சென்னை பெட்ரோலியம் நிறுவனம், அதாவது சி.பி.சி.எல். அந்த ஆலைப் பக்கம்தான் விரல் நீட்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

இந்த வாதப் பிரதிவாதங்களுக்கு நடுவே மீனவர்கள் வாளியும் மக்கும் எடுத்துக்கொண்டு இறங்கி அள்ளினார்கள். பிறகு உறிஞ்சு லாரிகள் வந்தன, மிதவைத் தடுப்புகள் வந்தன. மிதந்ததை ஓரளவு எடுத்தாயிற்று. சேற்றுக்குள் இறங்கியதையும் அலையாத்தி வேரில் ஒட்டியதையும் எந்த லாரி வந்து உறிஞ்சும்?

அந்த மிச்சம் இன்றுவரை ஒரு பெருங்கூட்டத்தின் பொறுப்பில் இருக்கிறது. கூலியும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ஒரு கிராம் சேற்றில் கோடிக்கணக்கில் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் அந்தக் கூட்டம். அவை எவ்வளவு வேகமாக வேலை செய்யும், எங்கே நின்றுபோகும், எதைக் கொடுத்தால் வேகம் கூடும் என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு துறை வளர்ந்திருக்கிறது. நுண்ணுயிர்ச் சமூகங்களின் வளர்சிதை மாற்றத்தைக் கணினியில் வடித்துப் பார்க்கும் துறை. அதன் உலக வரைபடத்தில் சென்னைக்கு ஒரு கௌரவமான இடம் உண்டு. வடசென்னைக்கு அதனால் என்ன பயன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பாக்கெட்டில் வந்த கிருமி

2023இல் எண்ணூர் பார்த்தது முதல் எண்ணெய்க் கசிவு அல்ல. 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. டான் காஞ்சிபுரத்திலிருந்து கனமான கப்பல் எரிபொருள் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் அது தாராக ஒதுங்க, இளைஞர்கள் வாளி வாளியாக அள்ளிய படம் உலகமெங்கும் போனது. ராக்கெட் விடும் நாட்டில் வாளிதானா என்று எல்லோரும் கேலி பேசினார்கள். அள்ளிய கசடு அதற்குப் பிறகு எங்கே போனது என்று கேட்டவர் குறைவு. துறைமுக வளாகத்தில் குழி வெட்டி, அதில் கொட்டி, இந்தியன் ஆயிலின் ஆராய்ச்சிப் பிரிவு வளர்த்த நுண்ணுயிர்க் கலவையைத் தூவினார்கள்.

எண்ணெய் தின்னும் கிருமியைத் தயாரித்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது தூவலாம் என்ற எண்ணத்துக்கு நம் நாட்டில் பெரிய கவர்ச்சி உண்டு. காரணம், அதன் கதாநாயகனே ஓர் இந்தியர். வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, கச்சா எண்ணெயின் பல கூறுகளையும் சிதைக்கும் திறனை ஒரே சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்குள் சேர்த்தார். அதற்குக் காப்புரிமை கேட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1980இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வென்றது. உயிருள்ள ஒன்றுக்கு உரிமை கோரலாம் என்ற சட்டமே அங்கிருந்து பிறந்தது. ஆனால் அந்தப் பாக்டீரியா கடலில் இறங்கவே இல்லை. நீதிமன்றத்தில் ஜெயித்ததோடு அதன் வேலை முடிந்தது.

திறந்த கடலில் என்ன நடக்கும் என்பதைக் காட்டியது 1989இல் அலாஸ்காவில் தரைதட்டிய எக்ஸான் வால்டீஸ் கப்பலின் விபத்து. வெளியிலிருந்து கொண்டுபோன கிருமிகளால் குறிப்பிடும்படியான லாபம் தெரியவில்லை. அங்கேயே இருந்த கிருமிகளுக்கு உரம் போட்ட கரைகளில்தான் எண்ணெய் வேகமாகக் குறைந்தது. நைட்ரஜனும் பாஸ்பரசும் கலந்த அந்த உரத்தை நூறு கிலோமீட்டருக்கு மேல் தெளித்தார்கள். ஊர்க்காரன் ஏற்கெனவே இருக்கிறான்; அவனுக்குச் சாப்பாட்டில் எது குறைகிறது என்பதே விஷயம் என்று தெரிந்தது. இதைத் தெரிந்துகொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், விபத்து நடந்த மறுநாள் நாம் தேடுவது பாக்கெட்டைத்தான்.

ஒரு கிலோவுக்கு ஐந்து லட்சம் லிட்டர்

குறைவது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளிக்கூட வேதியியலில் தொடங்கலாம். எண்ணெய் என்பது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும். 14 கிராம் எண்ணெயை முழுசாக எரித்துக் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாக மாற்ற ஏறக்குறைய 48 கிராம் ஆக்சிஜன் வேண்டும். பாக்டீரியா நெருப்பில்லாமல் எரிக்கிறது, அவ்வளவுதான், கணக்கு மாறாது. அப்படியானால் ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று கிலோவுக்கு மேல் ஆக்சிஜன். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருப்பது சுமார் 6 மில்லிகிராம். வகுத்துப் பாருங்கள்: ஒரே ஒரு கிலோ எண்ணெய், ஐந்து லட்சம் லிட்டர் தண்ணீரின் மூச்சை முழுதாகக் குடித்துவிடும்.

அலை புரளும் கடலில் காற்றிலிருந்து ஆக்சிஜன் மறுபடி கரைந்துகொண்டே இருக்கும். கழிமுகச் சேற்றில் அந்த வசதி இல்லை. மேலே சில மில்லிமீட்டர் தாண்டினாலே ஆக்சிஜன் முடிந்துவிடுகிறது. ஆக்சிஜன் முடிந்தால் வேலை நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம், ஆள் மாறுகிறது. நைட்ரேட்டைச் சுவாசிப்பவை வருகின்றன, பிறகு இரும்பை, அதன்பின் சல்பேட்டை. கடல்நீர் ஒரு லிட்டரில் 2.7 கிராம் சல்பேட் இருப்பதால் அந்தக் கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அது அவை வெளியே விடும் ஹைட்ரஜன் சல்பைடு. சேறு மை போலக் கறுத்திருப்பதும் அதே சல்பைடு இரும்போடு சேர்வதால்தான். எண்ணெய் படியாத காலத்திலும் கழிமுகச் சேறு கறுப்புதான். வெறும் நிறத்தைப் பார்த்து எண்ணெய் என்றும் இல்லை என்றும் சாதிப்பவர்களை நம்பாதீர்கள்.

ஆக்சிஜன் தவிர உணவும் சரிவிகிதமாக வேண்டும். நூறு பங்கு கார்பனுக்குப் பத்துப் பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு பாஸ்பரஸ் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் தோராயம். அலாஸ்காவின் குளிர்ந்த சுத்தமான கரையில் நைட்ரஜன் பற்றாக்குறை. எண்ணூரிலோ சாக்கடையும் கால்வாயும் சேர்ந்து கொண்டுவரும் நைட்ரஜனுக்குக் குறைவிருக்காது. இங்கே இடிப்பது பெரும்பாலும் ஆக்சிஜனாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஊகம் சரியென்றால், அலாஸ்கா வைத்தியத்தை அப்படியே இங்கே செய்து உரம் கொட்டினால் பாசிதான் பெருகும். பாசி செத்து அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனும் போகும்.

இப்படி மனக்கணக்காக ஓரளவுதான் போக முடியும். சேற்றில் இருப்பது ஒரு வகைக் கிருமி அல்ல. ஒன்று எண்ணெயின் நேர்ச்சங்கிலிக் கூறுகளைத் தின்னும். கடலில் பேர்பெற்ற அல்கானிவோராக்ஸ் போர்குமென்சிஸ் அப்படிப்பட்டது; 1998இல்தான் பெயர் சூட்டப்பட்ட இது, சுத்தமான நீரில் தேடினாலும் அரிதாகத்தான் கிடைக்கும்; எண்ணெய் கொட்டினால் கூட்டத்தில் முதலாளாகிவிடும். வளையக் கூறுகளுக்கு அது போதாது. அதற்கு சைக்ளோகிளாஸ்டிகஸ் வேண்டும். ஒன்று வெளியேற்றும் கொழுப்பு அமிலத்தை இன்னொன்று தின்கிறது. ஒன்றால் தயாரிக்க முடியாத பி12 வைட்டமினைப் பக்கத்து ஆள் தருகிறது. வெறும் இருபது இனங்களை வைத்துக்கொண்டு எந்தெந்தச் சேர்க்கை வேலை செய்யும் என்று சோதித்தால், சாத்தியமான கூட்டணிகள் பத்து லட்சத்தைத் தாண்டுகின்றன. எந்த ஆய்வகத்திலும் அத்தனை குடுவை கிடையாது. கணினி உள்ளே வருவது இந்த இடத்தில்.

ஆலையின் கணக்கே கிருமிக்கும்

கணினி போடும் அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கி, 1969இல் மணலியில் ஓடத் தொடங்கியதுதான் இன்றைய சி.பி.சி.எல். இப்படிப்பட்ட எந்தச் சுத்திகரிப்பு ஆலையிலும் திட்டமிடுகிறவர்களின் மேசையில் தினமும் எழும் கேள்வி இது: இன்ன வகைக் கச்சா எண்ணெய் இவ்வளவு வருகிறது, ஒவ்வொரு பிரிவும் இவ்வளவுதான் தாங்கும், நடுவில் உருவாகும் எதுவும் தேங்கி நிற்கக் கூடாது, பெட்ரோல், டீசல், நாப்தா எதை எவ்வளவு எடுத்தால் லாபம் உச்சத்துக்குப் போகும்? இதற்குப் பயன்படும் கணிதம் லீனியர் புரோகிராமிங், நேரியல் திட்டமிடல். ஜார்ஜ் டான்சிக் 1947இல் அதற்கு வழிமுறை கொடுத்தார். 1952லேயே விமானப் பெட்ரோலைக் கலக்கும் விகிதத்துக்கு அதைப் பயன்படுத்திக் காட்டினார்கள். 1984இல் அதை மேலும் வேகமாக்கிய நரேந்திர கர்மார்க்கர் நம் நாட்டுக்காரர். உலகின் எண்ணெய்த் தொழில் இந்தக் கணிதத்தின் மூத்த வாடிக்கையாளர்.

இப்போது ஆலை இருந்த இடத்தில் ஒரு பாக்டீரியாவை வையுங்கள். அதன் மரபணுத்தொகுதியைப் படித்தால் எந்தெந்த நொதிகள் அதனிடம் உள்ளன, அவை எந்தெந்த வேதிவினைகளை நடத்தும் என்ற பட்டியல் கிடைக்கிறது. ஒவ்வொரு வினையும் ஒரு பிரிவு. உள்ளே வருவது சர்க்கரையோ எண்ணெயோ ஆக்சிஜனோ, அதற்கு ஓர் உச்சவரம்பு. நடுவில் உருவாகும் எதுவும் தேங்கக் கூடாது. உருவான அளவும் செலவான அளவும் சமமாக இருக்க வேண்டும். ஆலையில் லாபம் என்று எழுதிய இடத்தில் இங்கே வளர்ச்சி என்று எழுதுகிறோம். பிறகு அதே கணிதம், அதே மென்பொருள். 1990களில் பெர்னார்ட் பால்சனும் அவர் மாணவர்களும் அமெரிக்காவில் இதைச் செம்மைப்படுத்தினார்கள். 1999இல் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே என்ற பாக்டீரியாவின் முழு வினைப்பட்டியல் முதன்முதலாக இப்படிக் கணக்கிடப்பட்டது. குடலில் வாழும் ஈ. கோலையின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் 1,515 மரபணுக்களும் 2,700க்கும் மேற்பட்ட வினைகளும் உள்ளன. சாதாரண லேப்டாப்பில் ஒரு நொடிக்குள் விடை வந்துவிடும்.

இதன் அழகு, நொதிகளின் வேகம் பற்றி ஒன்றும் தெரியாமலே ஓட்டலாம் என்பது. ஆயிரக்கணக்கான நொதிகளின் வேகத்தை அளந்து முடிக்க ஓர் ஆயுள் போதாது. உள்ளே எவ்வளவு போகிறது, எது எதுவாக மாறும் என்ற இரண்டும் போதும். அதிலிருந்தே எது முடியும், எது முடியவே முடியாது என்று சொல்லிவிடுகிறது.

மணலியில் எண்ணெயிலிருந்து எடுக்க வேண்டிய லாபத்தைச் சொல்லும் கணக்குதான், எண்ணூர்ச் சேற்றில் அந்த எண்ணெய் எத்தனை மெதுவாகச் சிதையும் என்பதையும் சொல்லக்கூடியது. முதல் வேலைக்கு அதைத் தினம் ஓட்டுகிறார்கள்.

இரண்டு பேர், இரண்டு லாபம்

ஒரு பாக்டீரியாவிலிருந்து சமூகத்துக்குப் போகும்போது சிக்கல் வேறு மாதிரி. ஆலைக்கு ஒரு முதலாளி. லாபம் யாருக்கு என்று சந்தேகமில்லை. சேற்றுக்கு முதலாளி யார்? ஒவ்வொரு கிருமியும் தன் வளர்ச்சியைத்தான் பார்க்கும். ஆனாலும் பக்கத்தில் இருப்பது செத்தால் தானும் சாகும் நிலைமை பல சமயம் உண்டு.

இதை முதலில் கணக்கில் பிடித்தது 2007இல் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் செய்த ஆய்வு. டீசல்ஃபோவிப்ரியோ வல்காரிஸ், மெத்தனோகாக்கஸ் மரிபலூடிஸ் என்று இரண்டே பேர். முதலாவது லாக்டேட்டை உடைத்து ஹைட்ரஜனை வெளியே விடுகிறது. ஹைட்ரஜன் தேங்கினால் அதன் வேலையே நின்றுவிடும். இரண்டாவது அந்த ஹைட்ரஜனைத் தின்று மீத்தேன் ஆக்குகிறது. இருவரையும் ஒரே கணக்கில் சேர்த்தபோது, கூட்டத்தில் யார் எத்தனை பங்கு இருப்பார் என்பது ஆய்வகத்தில் அளந்ததோடு ஓரளவு ஒத்துப்போனது. இருவரையும் கட்டிப்போடுவது ஹைட்ரஜன்தான், ஃபார்மேட் என்ற இன்னொரு வேதிப்பொருள் அல்ல என்றும் சொன்னது. ஆக்சிஜன் இல்லாத கறுப்புச் சேற்றில் நடப்பதும் இதே ரக வியாபாரம் என்பதால் எண்ணூருக்கு இது தூரத்துக் கதை இல்லை.

அதன் பிறகு கருவிகள் வேகமாகப் பெருகின. தனியாள் லாபம், சமூக லாபம் என்று இரண்டு அடுக்காகக் கணக்கிடும் ஆப்ட்காம் 2012இல் பென்சில்வேனியாவிலிருந்து வந்தது. 2014இல் பாஸ்டனிலிருந்து வந்த காமெட்ஸ், இடத்தையும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டது: கட்டம் கட்டமான பரப்பில் கிருமிகள் வளர, உணவு ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குக் கசிந்து பரவும். சேற்றுக்கு இதுதான் பொருந்தும், ஏனென்றால் சேற்றில் எங்கே இருக்கிறாய் என்பதே விதி. ஒரு சென்டிமீட்டர் கீழே இருந்தால் வேறு உலகம். மனிதக் குடலுக்கு மட்டும் 7,302 நுண்ணுயிர் வகைகளின் கணினி மாதிரிகள் 2023இல் வெளியாகிவிட்டன. குடலுக்குப் பணம் இருக்கிறது, சேற்றுக்கு இல்லை.

கிண்டியிலிருந்து விண்வெளிக்கு

சென்னைக்கு வருவோம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் கார்த்திக் ராமனின் குழு இந்தத் துறையில் பல ஆண்டுகளாக இருக்கிறது. அவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மாணவராக இருந்தபோதே, நாகசுமா சந்திராவுடன் சேர்ந்து, காசநோய்க் கிருமியின் மெழுகுச் சுவர் உருவாகும் பாதையை 219 வினைகளாகப் பிரித்துக் கணக்கிட்டு 2005இல் வெளியிட்டார். எந்த வினையை அடைத்தால் கிருமி சாகும் என்று தேடிய ஆய்வு அது. பிறகு ஐ.ஐ.டி.யில் ஆர்த்தி ரவிகிருஷ்ணன், மேகனா நஸ்ரே ஆகியோரோடு மெட்குவெஸ்ட் என்ற வழிமுறையை உருவாக்கினார். கையில் இருக்கும் பொருள்களிலிருந்து வேண்டிய பொருளுக்குப் போக எத்தனை பாதைகள் உண்டு என்று எல்லாவற்றையும் தேடி எடுக்கும் முறை. அதிலிருந்து கிளைத்த இன்னொரு அளவுகோல்: ஒரு கிருமி தனியாக இருக்கும்போது முடங்கிக் கிடக்கும் வினைகளில் எத்தனை, பக்கத்தில் இன்னொன்று வந்தவுடன் உயிர் பெறுகின்றன? யார் யாரைத் தாங்குகிறார் என்பதற்கு ஓர் எண் கிடைக்கிறது.

இந்த அளவுகோல் போன இடம் சர்வதேச விண்வெளி நிலையம். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தோடு சேர்ந்து செய்த அந்த ஆய்வு 2022இல் மைக்ரோபயோம் இதழில் வந்தது. நிலையத்துக்குள் வெவ்வேறு பரப்புகளில் துடைத்து எடுத்த மாதிரிகளில் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா ஓங்கியிருந்தது. அது பான்டோயியா பேரினத்து பாக்டீரியாக்களுக்கு உதவுகிறது, ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்குத் தொல்லை தருகிறது என்று கணக்கு சொன்னது. பிறகு கிளெப்சியெல்லாவையும் அந்தப் பூஞ்சையையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். பூஞ்சையின் உருவம் நிஜமாகவே சிதைந்தது. கணக்கு முதலில், குடுவை பிறகு என்ற வரிசை இங்கே முக்கியம்.

நாசா தரப்பில் இருந்தவர் கஸ்தூரி வெங்கடேஸ்வரன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கடல் நுண்ணுயிரியல் படித்தவர். விண்வெளி நிலையத்தில் கண்டெடுத்த பாக்டீரியாவுக்கு அப்துல் கலாம் பெயரை வைத்ததால் நம் பத்திரிகைகளில் அடிபட்ட குழு அவருடையது. அதைவிட எனக்கு ருசியாகப் பட்டது அவருடைய பழைய வேலை. ஜப்பானில் இருந்தபோது, 1995இல், ஹராயாமாவோடு சேர்ந்து கச்சா எண்ணெயை ஒரு கிருமிக் கூட்டத்துக்குக் கொடுத்தார்; அது தின்று மிச்சம் வைத்ததை மட்டும் எடுத்து அடுத்த கூட்டத்தை வளர்த்தார். முதல் கூட்டம் கைவிட்டதை இரண்டாவது கூட்டம் தின்றது. எண்ணெய் தின்பது தனியாள் வேலை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை நான் படித்ததில்லை. அதே மனிதரும் ஐ.ஐ.டி. குழுவும் கைகோத்தது விண்வெளிக்காக. பூமியில், அந்த வளாகத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் வடக்கே இருக்கும் சேறு, அவருடைய பழைய கேள்விக்காகவே காத்திருப்பது போல இருக்கிறது.

பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகமும் இந்தப் பாதையில்தான் நடக்கிறது. எண்ணெய் சிதைக்கும் கடல் நுண்ணுயிர்க் கூட்டத்தைக் கோதுமைத் தவிட்டில் ஏற்றிப் பயன்படுத்தும் முறையை அவர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். தவிடு மிதக்கும், கிருமியை எண்ணெய் இருக்கும் இடத்தில் பிடித்து வைக்கும். பாக்கெட் வகையில் இது மேல் என்பேன், தனியாளை நம்பாமல் கூட்டத்தை நம்புவதால்.

கொடுங்கையூரில் ஓடும் மாதிரி

இதெல்லாம் ஆய்வுக்கூட விஷயம், ஊருக்கு எப்போது வரும் என்று கேட்பவர்களுக்கு: வந்து வெகுநாள் ஆயிற்று, மோட்டாவான வடிவத்தில். கொடுங்கையூர் கழிவுநீர் நிலையத்தில் காற்றைச் செலுத்திக் கிருமிகளை வளர்த்து அழுக்கைத் தின்னவைப்பது, 1914இல் மான்செஸ்டரில் பிறந்த முறை. அந்தத் தொட்டிகளில் யார் என்ன தின்கிறார் என்பதற்கு 1987இல் ஒரு சர்வதேசக் குழு எழுதிய சமன்பாட்டுத் தொகுதிதான் இன்றும் உலகெங்கும் பொறியாளர்களின் கைப்பொருள். அதில் உயிர்கள் இரண்டே வகை: கரிமக் கழிவைத் தின்பவை, அம்மோனியாவை ஆக்சிஜனேற்றுபவை. ஆயிரம் இனங்களை இரண்டு பெட்டிக்குள் அடைத்தும் கணக்கு வேலை செய்கிறது என்பது கொஞ்சம் பணிவு கற்றுக்கொடுக்கும் செய்தி. எப்போதும் நுணுக்கமே நல்லது என்றில்லை.

கொடுங்கையூரில் கிருமிகள் சுத்தம் செய்த தண்ணீரை மேலும் வடிகட்டி, நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வரை மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019 முதல் இருக்கிறது. வடசென்னையின் சாக்கடையைத் தின்னும் பாக்டீரியாக்கள் கொடுத்த தண்ணீர்தான் ஆலைகளின் கொதிகலனையும் குளிர்விப்பானையும் நிரப்புகிறது. அங்கே கிருமிக்குக் காற்று ஊத கம்ப்ரசர் உண்டு, மின்சாரம் உண்டு, அளக்க மீட்டர் உண்டு. ஆற்றுக்குள் இருக்கும் அதன் சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் இல்லை.

கணக்கு பொய்க்கும் இடங்கள்

இந்த வித்தையை விற்பவர்கள் சொல்லாமல் விடும் சில விஷயங்கள் உண்டு. 2024இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு ஒன்று, குடல் பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று எப்படி நடந்துகொள்ளும் என்று பல மென்பொருள்கள் சொன்னதை, ஆய்வகத்தில் உண்மையில் நடந்ததோடு வைத்துப் பார்த்தது. தானியங்கி முறையில் அவசரமாகத் தயாரித்த மாதிரிகள் சொன்னது பெரும்பாலும் பலிக்கவில்லை. மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு வினையாகச் சரிபார்த்த மாதிரிகள்தான் ஓரளவு தேறின. சரிபார்ப்பது மாதக்கணக்கில் ஆகும் வேலை. ஆய்வு நிதி கொடுப்பவர்களுக்கு அது கண்ணில் படாத வேலை.

உலகிலேயே அதிகம் ஆராயப்பட்ட ஈ. கோலையில்கூட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மரபணுக்கள் என்ன செய்கின்றன என்பதற்கு நேரடிச் சோதனை ஆதாரம் இல்லை. கழிமுகச் சேற்றில் இருப்பவற்றில் பல இதுவரை ஆய்வகத்தில் வளர்க்கவே படாதவை. அவற்றின் மரபணுக்களைச் சேற்றிலிருந்து நேரடியாகத் துண்டு துண்டாகப் படித்து, ஒட்டித்தான் முழுமை செய்ய வேண்டும். ஒட்டும்போது விட்டுப்போன வினைகளை மென்பொருளே நிரப்பிக்கொள்கிறது. நிரப்பியது நிஜமா கற்பனையா என்பது பிறகுதான் தெரியும்.

எண்ணூருக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. இந்தக் கணக்கு பொருள்களின் வரவு செலவை மட்டும் பார்க்கும். விஷம் அதன் கண்ணுக்குத் தெரியாது. அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகக் கழிமுகத்தில் படிந்திருக்கிறது, சாம்பலோடு உலோகங்களும். குளிர்விக்கும் வெந்நீர் ஒரு பக்கம். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஊரே மூச்சுத்திணறி ஓடியது. எண்ணெய் பரவி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்மோனியாவைக் கணக்கில் போட்டால் நைட்ரஜன் வரவு என்று எழுதிக்கொண்டு, வளர்ச்சி கூடும் என்று சொல்லும். நிஜத்தில் அந்த அளவு கிருமியையும் கொல்லலாம். உலோகமும் உப்பும் வெப்பமும் ஒவ்வொரு நொதியையும் எவ்வளவு தளர்த்தும் என்பதை ஆய்வகத்தில் அளந்து, உச்சவரம்புகளாக எழுதிக் கொடுத்தால்தான் கணக்குக்குப் புத்தி வரும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கப்பல் எரிபொருள் போன்ற கனமான எண்ணெயில் தார்க்கூறுகள் அதிகம். எந்தக் கூட்டமும் அவற்றை அவ்வளவு லேசில் தொடாது. கிருமி தின்றுவிடும் என்ற பேச்சு, கொட்டியவனுக்குச் சாக்காகிவிடக் கூடாது. நல்ல கணினி மாதிரி ஒன்று இருந்தால் அது சாக்கைப் பிடுங்கும் ஆயுதமாகவும் ஆகும்: இவ்வளவு எண்ணெய், இந்தச் சேறு, இந்த ஆக்சிஜன், ஆக இத்தனை ஆண்டு என்று எண்ணாக நீதிமன்றத்தில் வைக்கலாம். இழப்பீடு பேசும்போது, வலை போட முடியாத நாள்களை வாரக்கணக்கில் எண்ணுவதா வருடக்கணக்கில் எண்ணுவதா என்ற சண்டைக்கு அந்த எண் வேண்டும்.

என்ன செய்யலாம்

பெரிய செலவில்லை. முகத்துவாரம், அலையாத்தித் திட்டு, கால்வாய் சேரும் இடம், சாம்பல் படிந்த பகுதி, ஆற்றின் மேல்புறம் என்று சில இடங்கள். ஒவ்வொன்றிலும் மேல்தோலும் அதற்குக் கீழே ஒரு சாண் ஆழமும். மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும். டி.என்.ஏ.வைப் படிப்பதோடு ஆக்சிஜன், சல்பேட், நைட்ரேட், எண்ணெய், உலோகம் எல்லாவற்றையும் அதே இடத்தில் அதே நாளில் அளக்க வேண்டும். இந்த எண்கள் இல்லாத மரபணுப் பட்டியலை வைத்து ஒரு கணக்கும் ஓடாது. கிடைத்த தரவை அலமாரியில் பூட்டாமல் பொதுவில் போட வேண்டும். கசிவு நடந்த பிறகு ஓடிப்போய் எடுத்தால், முன்னால் எப்படி இருந்தது என்று ஒப்பிட ஒன்றும் இருக்காது. விபத்துக்கு முந்தைய சேற்று மாதிரிதான் விலை மதிப்புள்ளது.

எங்கே சேறு ஆழம், எங்கே புது மணல், எந்த மடையில் இறால் வந்து எந்த வருடம் நின்றது என்பதையெல்லாம் அறிந்தவர்கள் குப்பத்தில் இருக்கிறார்கள். மாதிரி எடுக்கும் படகில் அவர்களைக் கூலிக்கு ஏற்றாமல், இடத்தைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்திலேயே உட்காரவைப்பது நல்லது. இறால் நின்றுபோன மடையும் ஆக்சிஜன் தீர்ந்த சேறும் ஒரே இடமா என்பது கணினிக்கும் கொடுக்க வேண்டிய தகவல்.

பணத்துக்கும் இடம் உண்டு. தீர்ப்பாயம் விதிக்கும் சுற்றுச்சூழல் இழப்பீட்டில் ஒரு சிறு பங்கு போதும். குளிர்பெட்டி ஒன்று, மரபணு வாசிப்புக்கான கட்டணம், இரண்டு மூன்று ஆய்வு மாணவர்களின் உதவித்தொகை. கணினி மாதிரிகளைச் சரிபார்க்கப் போகும் அந்த மாணவர்களில் ஒருவராவது ராயபுரத்திலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ வந்தால் இன்னும் நல்லது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். முதல் சேற்று மாதிரியை செப்டம்பரில், ஆறு தெளிந்து ஓடும் போதே எடுத்தாக வேண்டும்.